அந்நிய நகரில் ஒரு மாணவர்: அல்லாமா இக்பால் (ரஹ்)

  



நம் முன்னோர்கள் பொருளீட்டக் கடல் கடந்தவர்கள். பர்மா, மலாயா, இலங்கை என்று சென்ற தலைமுறைக்குப் பின் அரபு நாடுகளுக்குச் சென்ற தலைமுறை வந்தது. இப்பொழுதோ கல்விக்காகக் கடல் கடக்கும் தலைமுறை வந்திருக்கிறது. பிள்ளை புறப்படும் நாளில் பெற்றோர் அவனைப் பள்ளிவாசலுக்கு அழைத்து வந்து துஆ செய்யச் சொல்கின்றனர். அவர்கள் நம்மிடம் வாய்விட்டுக் கேட்பது பரீட்சையில் வெற்றியை. உள்ளுக்குள் அஞ்சுவதோ வேறொன்றை. போகும் பிள்ளை போனபடியே திரும்பி வருவானா? தொழுகை அவனிடத்தில் தங்குமா? பெற்ற தாயை அவன் நினைப்பானா?

இந்த அச்சம் நியாயமானதே. ஆயினும் அச்சத்தினால் கல்வியின் வாசலை அடைத்துவிட நமக்கு அனுமதியில்லை. கல்வியைத் தேடி ஒரு பாதையில் நடப்பவருக்கு அல்லாஹ் சுவனத்தின் பாதையை எளிதாக்குகின்றான் என்ற கருத்து ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ள நபிமொழியில் உள்ளது. சீனா சென்றேனும் கல்வி பயில வேண்டும் என்று மேடைகளில் சொல்லப்படும் செய்தியை ஹதீஸ் கலை அறிஞர்கள் பலவீனமானது என்றே கூறியுள்ளனர். அதன் துணையின்றியே கல்விப் பயணத்தின் சிறப்புக்கு நம்மிடம் போதிய ஆதாரங்கள் உள்ளன. இமாம் ஷாஃபிஈ (ரஹ்), இமாம் புகாரி (ரஹ்) போன்ற பெருமக்களின் வாழ்வே பயணங்களால் ஆனதுதான்.

அப்பெருமக்கள் முஸ்லிம் நகரிலிருந்து முஸ்லிம் நகருக்குச் சென்றார்கள். நம் பிள்ளைகளின் நிலை அதுவன்று என்று சிலர் கூறலாம். ஆகவே பாங்கொலி கேளாத நகரில் சென்று பயின்ற ஒருவரின் வரலாற்றை இம்மலரில் எடுத்துரைக்க விரும்பினோம். அவரே அல்லாமா முஹம்மது இக்பால் (ரஹ்). நம் பள்ளிக்கூடப் பிள்ளைகள் பாடும் 'தரானாயே ஹிந்தீ' எனும் நாட்டுப்பாடலை 1904-இல் இயற்றிய கவிஞர் அவர்தாம். அவருடைய அரசியலை நாம் இங்கே பேசப் போவதில்லை. 1905 முதல் 1908 வரை அவர் மாணவராய் வாழ்ந்த மூன்றாண்டுகளே நமது பொருள்.

புறப்படுவதற்கு முன்

இக்பால் அவர்கள் 1877 நவம்பர் 9-ஆம் நாள் பஞ்சாபின் சியால்கோட் நகரில் பிறந்தார்கள். தந்தை ஷைகு நூர் முஹம்மது தையல் தொழில் செய்தவர். ஏட்டுக் கல்வி பெரிதாக இல்லாவிடினும் இறைநேசர்களின் சகவாசத்தால் உள்ளம் பக்குவப்பட்டவர். தாயார் இமாம் பீவி அவர்களும் மார்க்கப் பற்று மிக்கவர். மகன் அதிகாலையில் குர்ஆன் ஓதிக் கொண்டிருக்கும்போது, அது தனக்கே இறங்குவதாக எண்ணி ஓதினால்தான் உள்ளத்தில் இறங்கும் என்று தந்தை அறிவுறுத்தினார். இந்த ஒரு சொல்லை இக்பால் வாழ்நாள் முழுதும் மறக்கவில்லை.

அடுத்து, ஆசிரியர். மௌலவி ஸய்யித் மீர் ஹஸன் அவர்களிடம் இக்பால் அரபியும் ஃபார்ஸியும் பயின்றார். பிற்காலத்தில் ஆங்கில அரசு இக்பாலுக்கு 'ஸர்' பட்டம் வழங்க முன்வந்தபோது, தம் ஆசிரியருக்கு முதலில் சிறப்புச் செய்ய வேண்டும் என்று அவர் கோரியதாகவும், அந்த ஆசிரியர் எழுதிய நூல் எது என்று கேட்கப்பட்டபோது தம்மையே அவர் எழுதிய நூலாகக் காட்டியதாகவும் வரலாற்றாசிரியர்கள் எழுதுகின்றனர். மீர் ஹஸன் 'ஷம்சுல் உலமா' ஆனார். இக்பால் 1923-இல் ஸர் பட்டம் பெற்றார்.

பின்னர் லாகூர் அரசுக் கல்லூரியில் பயின்று 1899-இல் தத்துவத்தில் எம்.ஏ. பட்டம் பெற்றார். அங்கே அவருக்கு வாய்த்த பேராசிரியர் தாமஸ் ஆர்னல்ட், இஸ்லாம் பரவிய வரலாற்றை நேர்மையுடன் எழுதிய ஆங்கிலேயர். 1904-இல் ஆர்னல்ட் இங்கிலாந்து திரும்பியபோது, பிரிவாற்றாமையால் இக்பால் ஒரு கவிதையே எழுதினார். அந்த ஆசிரியரின் தூண்டுதலே அவரை இங்கிலாந்துக்குச் செல்ல வைத்தது.

செல்வதற்குப் பொருள் வேண்டுமே! தையற்காரரான தந்தையிடம் அது ஏது? அண்ணன் ஷைகு அதா முஹம்மது இராணுவக் கட்டுமானத் துறையில் பொறியாளராக இருந்தார். அவருடைய ஊதியத்திலிருந்தே தம்பியின் படிப்புச் செலவு சென்றது. ஒரு வீட்டில் ஒருவர் கற்பதற்கு மற்றொருவர் தம் வாழ்வைச் சுருக்கிக் கொள்கிறார் என்பது நம் ஜமாஅத்தில் எத்தனையோ குடும்பங்கள் அறிந்த உண்மை.

ஆக, புறப்பட்டபோது இக்பாலுக்கு வயது 27. குர்ஆன் ஓதும் பழக்கம் வேரூன்றியிருந்தது. அரபியும் ஃபார்ஸியும் கைவசம் இருந்தன. கல்லூரியில் பாடம் நடத்திய அனுபவம் இருந்தது. மனைவியையும் இரு குழந்தைகளையும் விட்டுச் சென்றார். அவர் எடுத்துச் சென்ற பெட்டியை விட நெஞ்சில் சுமந்து சென்றதே அதிகம் என்று நாம் கூறுவோமானால் அது மிகையன்று.

கடற்பயணமும் கேம்பிரிட்ஜும்

1905 செப்டம்பர் மாதத் துவக்கத்தில் லாகூரிலிருந்து புறப்பட்ட இக்பால், முதலில் டெல்லி சென்று ஹஜ்ரத் நிஜாமுத்தீன் அவ்லியா (ரஹ்) அவர்களின் அடக்கத்தலத்தில் நின்று, பயணியின் வேண்டுதலாக ஒரு கவிதையைப் படித்தார். பின்பு மும்பை சென்று கப்பலேறினார். ஏடனை நெருங்கியபோது அரபு நாட்டுக் கரை அவர் உள்ளத்தை உலுக்கியது. நபிகளார் பிறந்த மண்ணின் பாலைத் துகளோடு தம் உடலும் கலந்துவிடாதா என்ற ஏக்கத்தை, அங்கிருந்து லாகூர் பத்திரிகை ஒன்றுக்கு எழுதிய கடிதத்தில் வெளிப்படுத்தினார். ஐரோப்பாவை நோக்கிச் சென்ற கப்பலில் அவர் மனம் ஹிஜாஸை நோக்கியிருந்தது.

செப்டம்பர் இறுதியில் இங்கிலாந்தை அடைந்தார். லண்டனில் அவருடைய லாகூர் நண்பர் ஷைகு அப்துல் காதிர் சட்டம் பயின்று கொண்டிருந்தார். அந்நிய நகரில் முதன்முதலாகக் கண்ட முகம் நல்ல தோழரின் முகமாக இருந்தது அல்லாஹ்வின் பேருபகாரம். அங்கிருந்து கேம்பிரிட்ஜ் சென்று ட்ரினிட்டி கல்லூரியில் உயர்நிலை மாணவராகச் சேர்ந்தார். போர்ச்சுகல் பிளேஸ் எனும் குறுகிய வீதியில் 17-ஆம் எண் இல்லத்தில் தங்கினார். அவர் அங்கு வாழ்ந்ததைக் குறிக்கும் பலகை அவ்வீட்டின் சுவரில் பிற்காலத்தில் பதிக்கப்பட்டது.

அன்றைய கேம்பிரிட்ஜ் ஒரு முஸ்லிம் மாணவருக்கு எப்படி இருந்திருக்கும் என்பதை எண்ணிப் பாருங்கள். அந்நகரில் பள்ளிவாசல் இல்லை. டிசம்பரில் அங்கே சூரியன் காலை எட்டு மணிக்குப் பிறகே உதித்து மாலை நான்கு மணிக்கு முன்பே மறைந்துவிடும். லுஹரும் அஸரும் மஃக்ரிபும் அடுத்தடுத்து வந்து நிற்கும். கோடையிலோ இஷாவுக்கும் ஃபஜ்ருக்கும் இடையே கண்ணயரவும் நேரமிராது. இக்பால் சென்று சேர்ந்து ஒரு மாதத்திலேயே, 1905 அக்டோபர் இறுதியில், ஹிஜ்ரி 1323-ஆம் ஆண்டின் ரமளான் வந்துவிட்டது. ஊரில் ஸஹருக்கு எழுப்ப ஆள் வரும். தராவீஹுக்குத் தெருவே திரண்டு செல்லும். அங்கோ பிறை வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. அந்நிய நகரில் நம் பிள்ளைகளுக்கு முதலில் வரும் சோதனை இதுதான். தீமையின் அழைப்பு பின்னரே வருகிறது. அதற்கு முன்பே, நன்மைக்கு அழைக்கும் குரல் இல்லாமற் போய்விடுகிறது.

இந்நிலையில் இக்பாலைத் தாங்கியது சிறுவயதுப் பழக்கமே. 1935-இல் வெளிவந்த 'பாலே ஜிப்ரீல்' எனும் தம் கவிதைத் தொகுப்பில், லண்டனின் கடுங்குளிரிலும் வைகறையில் எழும் வழக்கம் தம்மை விட்டுப் போகவில்லை என்பதை அவரே பதிவு செய்துள்ளார். நூறு பாடங்களைக் கற்ற பிறகும் ஒரு மனிதர் நன்றியுடன் நினைவுகூர்வது தந்தை பழக்கிய அதிகாலையை என்றால், வீட்டில் நாம் தரும் பயிற்சியின் மதிப்பை உணர வேண்டாமா?

கல்வியில் உழைப்பு

மூன்றாண்டுகளில் மூன்று இலக்குகளை அவர் வகுத்துக் கொண்டார். கேம்பிரிட்ஜில் பட்டம், லண்டனில் பாரிஸ்டர் தேர்வு, ஜெர்மனியில் டாக்டர் பட்டம். கேம்பிரிட்ஜில் அக்காலத்தில் டாக்டர் பட்ட ஆய்வுக்கு ஏற்பாடில்லாததால் ஜெர்மனியை நாட வேண்டியிருந்தது.

கேம்பிரிட்ஜில் மெக்டகர்ட், ஜேம்ஸ் வார்ட் ஆகிய தத்துவ அறிஞர்களிடம் பயின்றார். இவர்களுள் மெக்டகர்ட் இறைவனின் இருப்பையே மறுத்தவர். அத்தகைய ஆசிரியரிடமும் மரியாதையோடு பாடம் கேட்டார். அவருடைய கொள்கையைத் தம் கொள்கையாக்கிக் கொள்ளவில்லை. ஆசிரியரின் அறிவுக்கு மரியாதை, அவருடைய மறுப்புக்கு மறுமொழி என்ற இரண்டையும் ஒருசேரக் காக்க அவருக்குத் தெரிந்திருந்தது. அங்கிருந்த கீழைத்தேயவியல் அறிஞர் நிக்கல்சன், இக்பாலின் 'அஸ்ராரே குதீ' எனும் ஃபார்ஸிக் காவியத்தை 1920-இல் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார்.

அதே சமயம் லண்டனில் லிங்கன்ஸ் இன் எனும் சட்டக் கழகத்திலும் பதிவு செய்திருந்தார். அக்கழகங்களின் மரபுப்படி மாணவர்கள் தேர்வு எழுதுவதோடு, ஒவ்வொரு பருவத்திலும் குறிப்பிட்ட முறைகள் கழக மண்டபத்தில் விருந்துண்ண வர வேண்டும். அதுவே வருகைப் பதிவு. ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தொலைவிலுள்ள கேம்பிரிட்ஜில் தங்கிக்கொண்டு இக்கடமையையும் அவர் நிறைவேற்றினார்.

1907-இல் கேம்பிரிட்ஜ் பட்டம் பெற்றபின் அவ்வாண்டுக் கோடையில் ஜெர்மனியின் ஹைடல்பெர்க் நகருக்குச் சென்றார். நெக்கார் ஆற்றங்கரையிலுள்ள அந்நகரில் மாணவர் விடுதியொன்றில் தங்கி, முப்பதை நெருங்கும் வயதில் ஜெர்மன் மொழியைத் தொடக்கத்திலிருந்து கற்றார். எம்மா வேகநாஸ்ட் எனும் ஆசிரியை அவருக்கு மொழி பயிற்றுவித்தார். அவ்வம்மையாருக்கு இக்பால் நாடு திரும்பிய பின்னும் பல ஆண்டுகள் கடிதம் எழுதி வந்தார். கல்லூரியில் பாடம் நடத்திய ஒருவர் மீண்டும் எழுத்துக்கூட்டிப் படிக்கும் மாணவராக அமர்வதற்குப் பணிவு வேண்டும். 1907 நவம்பரில் மியூனிக் பல்கலைக்கழகம் அவருக்கு டாக்டர் பட்டம் அளித்தது. ஈரானில் தத்துவ ஞானம் வளர்ந்த வரலாறே ஆய்வின் பொருள். 1908-இல் லண்டனில் அச்சான அந்நூலைத் தம் ஆசிரியர் ஆர்னல்டுக்குக் காணிக்கையாக்கினார். ஆர்னல்ட் விடுப்பில் சென்றிருந்த சில மாதங்கள் லண்டன் பல்கலைக்கழகத்தில் அவருக்குப் பதிலாக அரபிப் பாடமும் நடத்தினார். சியால்கோட்டில் ஒரு மௌலவியிடம் பயின்ற அரபி, லண்டனில் அவருக்குக் கௌரவம் தேடித் தந்தது! 1908 ஜூலை 1-இல் பாரிஸ்டர் ஆனார்.

மனப் போராட்டம்

இவ்வளவையும் படிப்பவர்கள், இக்பால் கலக்கமின்றி வாழ்ந்தார் என்று எண்ணிவிடக் கூடாது. ஐரோப்பாவின் சுறுசுறுப்பையும் ஓயாத உழைப்பையும் கண்ட அவருக்கு, கவிதையால் ஆவதென்ன என்ற விரக்தி தோன்றியது. இனிக் கவிதை எழுதுவதில்லை என்று அப்துல் காதிரிடம் கூறிவிட்டார். நண்பர் இணங்கவில்லை. முடிவை ஆர்னல்டிடம் விடுவதென்று இருவரும் ஒப்புக் கொண்டனர். இக்பாலின் கவிதை அவருக்கும் அவருடைய நாட்டுக்கும் பயன் தருவது. அதை விடலாகாது என்று ஆர்னல்ட் தீர்ப்பளித்தார். ஒரு முஸ்லிம் நண்பரும் ஒரு கிறித்தவ ஆசிரியரும் சேர்ந்து இச்சமுதாயத்திற்கு ஒரு கவிஞரைக் காத்துத் தந்தனர். அந்நிய நகரில் தனியாக முடிவெடுக்கும் மாணவன் தவறிவிடக்கூடும். மஷ்வரா செய்பவன் கைசேதப்படுவதில்லை.

அங்கேதான் அவருடைய சிந்தனையும் திரும்பியது. ஐரோப்பிய நாடுகள் இனத்தின் பெயராலும் எல்லையின் பெயராலும் ஒன்றையொன்று பகைப்பதைக் கண்டார். 1907 மார்ச்சில் எழுதிய ஒரு கஸலில், அந்நாகரிகம் தன் கையாலேயே தனக்குக் கேடு தேடிக்கொள்ளும் என்று எச்சரித்தார். 1914-இல் முதல் உலகப் போர் மூண்டு அவ்வெச்சரிக்கையை மெய்ப்பித்தது. லண்டனில் இஸ்லாம் குறித்துச் சொற்பொழிவுகள் நிகழ்த்தினார். மேலைநாட்டை வெறுத்து ஒதுக்கவுமில்லை. அதில் கரைந்து போகவுமில்லை. ஜெர்மன் மகாகவி கதேயின் நூலுக்கு மறுமொழியாக 1923-இல் 'பயாமே மஷ்ரிக்' எனும் தொகுப்பை வெளியிட்டது, அங்கே பெற்ற கல்விக்கு அவர் செலுத்திய நன்றியாகும்.

தாயகம் திரும்புகையில் கப்பல் சிசிலித் தீவைக் கடந்தது. இரு நூற்றாண்டுகளுக்கு மேல் முஸ்லிம்கள் ஆண்ட அத்தீவைக் கண்டு அவர் கண்ணீர் வடித்து எழுதிய கவிதை புகழ் பெற்றது. போகும்போது அரபு மண்ணைக் கண்டு உருகியவர், வரும்போது சிசிலியைக் கண்டு உருகினார்.

திரும்பிய பின்

1908 ஜூலை இறுதியில் லாகூர் வந்து சேர்ந்தார். வந்தபின் எல்லாம் இனிதாயிற்று என்று கூற இயலாது. இல்லறத்தில் நிம்மதியில்லை, தொழிலிலும் உடனே உயர்வில்லை. நாட்டை விட்டே மீண்டும் போய்விடலாமா என்று 1909-இல் ஒரு கடிதத்தில் எழுதும் அளவுக்கு மனம் உடைந்திருந்தார். அவரைத் தடுத்தது எது தெரியுமா? தம்மைப் படிக்க வைத்த அண்ணனுக்குத் தாம் பட்டிருக்கும் கடமையே தம்மைப் பிடித்து நிறுத்துகிறது என்று அதே கடிதத்தில் அவர் எழுதினார்.

ஜமாஅத்தார்களே! இவ்வரலாற்றில் நம் உள்ளத்தை மிகவும் தொட்ட இடம் இதுவே. பட்டங்கள் மூன்று பெற்ற ஒருவரை, பட்டமொன்றும் அவரை ஊரில் நிறுத்தவில்லை. அண்ணனின் உழைப்புக்கு நன்றி மறவாத உள்ளமே நிறுத்தியது. அன்று அவர் போயிருந்தால் பின்னர் நாம் கண்ட இக்பால் இருந்திருப்பாரா என்பதை அல்லாஹ்வே அறிவான்.

1914-இல் தாயார் மறைந்தபோது அவர் எழுதிய இரங்கற்பாவில், இனி ஊரில் தமக்காகக் காத்திருப்பவர் யார், தம் கடிதம் வரத் தாமதித்தால் தவிப்பவர் யார் என்று ஏங்குகிறார். வெளிநாட்டில் மகன் பெற்ற கல்வியின் பின்னே, தபால்காரரின் வருகையை எதிர்நோக்கி வாசலில் நின்ற ஒரு தாய் இருந்தார் என்பதை அக்கவிதை நமக்குச் சொல்கிறது. இன்று கைப்பேசி கையிலிருந்தும் வாரக்கணக்கில் தாயிடம் பேசாத பிள்ளைகள் இதைப் படிக்க வேண்டும்.

நம் தமிழகத்திற்கும் அவருக்கும் தொடர்புண்டு. சென்னை முஸ்லிம் சங்கத்தின் அழைப்பை ஏற்று, வள்ளல் சேட் ஜமால் முஹம்மது சாஹிப் அவர்களின் ஆதரவில், 1929 ஜனவரியில் சென்னை வந்து மூன்று விரிவுரைகள் நிகழ்த்தினார். மௌலானா ஸுலைமான் நத்வி (ரஹ்) அவர்கள் 1925-இல் நபிகளாரின் வாழ்வைப் பற்றி ஆற்றிய புகழ்பெற்ற சென்னைச் சொற்பொழிவுகளும் அதே ஆதரவில் நிகழ்ந்தவையே. இக்பாலின் விரிவுரைகள் 1930-இல் நூலாயின. அவற்றிலுள்ள தத்துவக் கருத்துக்கள் சிலவற்றை உலமாக்கள் ஏற்கவில்லை என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் மேலைத் தத்துவத்தின் கேள்விகளுக்குக் குர்ஆனின் துணைகொண்டு விடை தேட முனைந்த அவருடைய ஆர்வத்தை எவரும் குறைத்துக் கூறவில்லை. வள்ளல் ஜமால் முஹம்மது அவர்களின் பெயர் தாங்கிய கல்லூரி திருச்சியில் 1951-இல் துவங்கி, நம் பிள்ளைகள் பலரைப் பட்டதாரிகளாக்கியிருக்கிறது.

1931 நவம்பரில், வட்டமேஜை மாநாட்டுக்காக லண்டன் சென்றிருந்த இக்பால் கேம்பிரிட்ஜுக்கும் சென்றார். தாம் பயின்ற இடத்தில் பயிலும் இளைஞர்களிடம், நாத்திகத்திலிருந்தும் பொருள்முதல்வாதத்திலிருந்தும் தங்களைக் காத்துக் கொள்ளுமாறு அறிவுரை கூறினார். அந்நகரின் இனிமையையும் ஆபத்தையும் ஒருசேர அறிந்தவரின் அறிவுரை அது. 1938 ஏப்ரல் 21-இல் லாகூரில் வஃபாத்தாகி, பாதுஷாஹி மஸ்ஜித் வாசலருகே நல்லடக்கம் செய்யப்பட்டார். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். அவர் பயின்ற காலத்தில் பள்ளிவாசல் இல்லாதிருந்த கேம்பிரிட்ஜில், 2019-இல் எழில்மிகு மத்தியப் பள்ளிவாசல் திறக்கப்பட்டது. ஹைடல்பெர்க் ஆற்றங்கரைச் சாலையொன்று அவர் பெயரைத் தாங்கியுள்ளது.

நமக்குரிய படிப்பினை

பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பலாமா என்ற கேள்விக்கு இவ்வரலாறு விடை தருகிறது. எங்கே அனுப்புகிறோம் என்பதை விட, எதைக் கொடுத்து அனுப்புகிறோம் என்பதே முக்கியம். ஐந்தாம் வகுப்போடு மக்தபை நிறுத்திவிட்டு, பன்னிரண்டாம் வகுப்பு முடிந்ததும் விமானத்தில் ஏற்றிவிட்டால், அந்நகரைக் குறை கூறி என்ன பயன்? வெறுங்கையோடு சந்தைக்கு அனுப்பியவர் நாமல்லவா? ஆண்பிள்ளையாயினும் பெண்பிள்ளையாயினும் விசாவுக்கு விண்ணப்பிக்கும் முன், குர்ஆனைத் திருத்தமாக ஓதவும், தொழுகை, நோன்பு, பயணத்தின் சட்டங்களையும், ஹலால் ஹராமையும் அறிந்து கொள்ளவும் அவர்களைப் பள்ளிவாசலுக்கு அனுப்புங்கள். செல்லும் நகரில் நல்ல தோழர் யார், ஜுமுஆ எங்கே என்பதைக் கல்லூரிக் கட்டணத்தை விசாரிப்பது போலவே விசாரியுங்கள்.

வசதி படைத்தவர்களுக்கும் ஒரு சொல். அதா முஹம்மது போன்ற அண்ணன் எல்லா மாணவர்களுக்கும் வாய்ப்பதில்லை. அண்ணன் இல்லாத பிள்ளைக்கு ஜமாஅத்தே அண்ணனாக வேண்டும். ஏழை மாணவர்களின் கல்விக்கு மனமுவந்து உதவுங்கள். உதவி பெற்றுப் படிக்கும் பிள்ளைகளோ, தம்மைத் தாங்கிய கைகளை மறவாதிருக்கட்டும்.

யா அல்லாஹ்! கல்வி தேடி வெளியூர்களிலும் வெளிநாடுகளிலும் தங்கியிருக்கும் எங்கள் பிள்ளைகளின் ஈமானைக் காத்தருள்வாயாக! அவர்களுக்குப் பயனுள்ள கல்வியையும், நல்ல தோழமையையும், நன்றி மறவாத உள்ளத்தையும் தந்தருள்வாயாக! அவர்களை எதிர்நோக்கிக் காத்திருக்கும் பெற்றோரின் கண்களைக் குளிரச் செய்வாயாக! ஆமீன், யாரப்பல் ஆலமீன்.